பி.பி. கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைக் கேட்கப் புதிதாக வருகிறவர்களிடம் பி.பி. கிங்கின் பெயரைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். நண்பர்கள் கேட்டவை, கிட்டார் பழகுகிறவர்கள் கேட்டவை, 'இந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கு?' என்று சலித்துக்கொண்டவர்கள் கேட்டவை எல்லாம் இதில் உண்டு. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். அவரைக் கிட்டார்காரராக மட்டும் கேட்பவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள், முதலில் பாடகராகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதில்களில் அது தெரியும்.

பி.பி. கிங் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1925 செப்டம்பர் 16 அன்று பிறந்து, 2015 மே 14 அன்று லாஸ் வேகஸில் காலமான ப்ளூஸ் பாடகர், கிட்டார் கலைஞர். பருத்திக் காட்டில் கூலியாள், டிராக்டர் ஓட்டுநர், தெருமுனைப் பாடகர், வானொலி அறிவிப்பாளர் என்று வந்து, 1952இல் முதல் பெரிய வெற்றியைத் தொட்டார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்தார். 15 கிராமி விருதுகள் பெற்றார். 2006இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. மின்கிட்டாரில் ஒரே ஒரு நோட்டை, அதாவது ஸ்வரத்தை, வளைத்து, நடுங்கவிட்டு, நிறுத்தி வாசிக்கும் இன்றைய பாணியில் பெரும்பகுதி அவர் வழியாக வந்ததுதான்.

'பி.பி.'ன்னா என்ன? அவர் முழுப் பேர் என்ன?

பெற்றோர் வைத்த பெயர் ரைலி பி. கிங். 'பி.பி.' வந்தது மெம்ஃபிஸ் நகரத்து டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியிலிருந்து. 1940களின் கடைசியில் அந்த நிலையம் கறுப்பின நேயர்களுக்காகவே முழு ஒலிபரப்பையும் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நிலையம் அதுதான். அங்கே ரைலி கிட்டாரோடு போய் வாய்ப்புக் கேட்டார். பெப்டிகான் என்ற டானிக்குக்கு விளம்பரப் பாட்டு பாடும் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆனால் இன்று இரவு எந்த ஊரில் தன் கச்சேரி என்று ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு இசைத்தட்டு போடும் அறிவிப்பாளராகவும் ஆனார். மெம்ஃபிஸின் பீல் தெருதான் கறுப்பின இசைக்காரர்களின் கடைத்தெரு. அதை வைத்து அவரை 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்' என்றார்கள். அது 'ப்ளூஸ் பாய்' ஆகி, கடைசியில் இரண்டு எழுத்தாக நின்றுவிட்டது. இந்த வேலையில் இன்னொரு லாபமும் இருந்தது: நிலையத்தின் இசைத்தட்டு அலமாரி முழுவதும் அவர் கையில். லூயி ஜோர்டன், சார்லி கிறிஸ்டியன் என்று ஜாஸ் வரைக்கும் கேட்டுத் தள்ளினார். கிராமத்து ப்ளூஸ்காரர்கள் பலருக்கு இல்லாத நகரத்து மெருகு அவர் இசையில் இருப்பதற்கு இந்த அலமாரியும் ஒரு காரணம்.

பருத்திக் காட்டுல வேலை பார்த்தார்னு சொல்றாங்களே, அது சும்மா கட்டிவிட்ட கதையா?

கதை இல்லை. இட்டா பீனா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பெர்க்ளேர் என்ற இடத்தில், பருத்தித் தோட்டத்துக் குடிசையில் பிறந்தவர். அப்பா ஆல்பர்ட், அம்மா நோரா எல்லா. அங்கே நடந்தது வாரச் சாகுபடி: நிலம், விதை, கடனுக்குச் சாமான் எல்லாம் முதலாளி கொடுப்பார், விளைந்ததில் பங்கும் கடனும் அவருக்கே போகும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் உழுதவன் பெரும்பாலும் பாக்கிக்காரனாகவே நிற்பான். நூறு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 45 கிலோ, பருத்தி எடுத்தால் 35 செண்ட் கூலி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாவோடு கில்மைக்கேல் என்ற மலைப்பாங்கான ஊருக்குப் போனார். பத்து வயது வாக்கில் அம்மா போய்விட்டார். வளர்த்த பாட்டி எல்னோராவும் 1940இல் இறந்தார். பதினான்கு வயதுப் பையன் அதே குடிசையில் தனியாக இருந்து பருத்தி போட்டான். பிற்காலத்தில் அவர் பாட்டில் தனிமை என்று வரும்போது குரல் மிகையாகவே போகாது. அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்த வயதைத்தான் காட்டுவேன்.

கிட்டார் யாருகிட்ட கத்துக்கிட்டார்?

முதலில் பார்த்தது தேவாலயத்தில். ஆர்ச்சி ஃபேர் என்ற உறவுக்காரப் போதகர் கிட்டார் வாசித்துக்கொண்டே பிரசங்கம் செய்வார். அவர்தான் பையனுக்கு முதல் சில கார்டுகளை, அதாவது பல நோட்டுகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டும் கைநிலைகளை, காட்டிக்கொடுத்தார். சொந்தமாக ஒரு கிட்டார் 15 டாலருக்கு வந்தது. முதலாளி பணத்தைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். அஞ்சலில் வரவழைத்த பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து மீதியைத் தானே பழகினார். பாட்டியின் தங்கை வீட்டில் ஒரு கிராமஃபோன் இருந்தது. ப்ளூஸ் கிட்டார்காரர்களான ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன், லோனி ஜான்சன் இருவரையும் அங்கேதான் கேட்டார். இருவரில் லோனி ஜான்சனின் தனி நோட்டு வாசிப்பு அவர் கையில் கடைசிவரை இருந்தது.

பிறகு டி-போன் வாக்கர் என்ற மின்கிட்டார்காரர். அவருடைய 'ஸ்டோர்மி மண்டே' 1947இல் வெளிவந்தது. அதைக் கேட்ட பிறகு மின்கிட்டார் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சர்ச்சுல சாமிப் பாட்டு பாடினவர் ஏன் ப்ளூஸுக்கு வந்தார்?

நேர்மையான பதில்: காசு. 1940களில் இண்டியனோலா என்ற ஊரில் இருந்தபோது, ஒரு நற்செய்திப் பாடல் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். கிரீன்வுட் வானொலியில்கூடப் பாடினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தனியாகத் தெருமுனையில் கிட்டாரோடு நிற்பார். சாமிப் பாட்டு கேட்டவர்கள் தோளைத் தட்டி, 'நல்லா வருவே தம்பி' என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போடுவார்கள். இதைத்தான் தான் ப்ளூஸ்காரன் ஆன கதையாக அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

ஆனால் தேவாலயத்துப் பாட்டு அவரை விட்டுப் போகவில்லை. தொண்டையை இறுக்கி மேலே ஏற்றி, பொய்க்குரலில் ஒரு கணம் நின்று இறங்குவாரே, அது நற்செய்திப் பாடகர்களின் வழக்கம். பாட்டின் நடுவே கூட்டத்தோடு பேசி, அவர்களைப் பதில் சொல்லவைப்பதும் அங்கே கற்றதுதான்.

டிராக்டரை உடைச்சுட்டு ஊரைவிட்டு ஓடிப்போனாராமே?

ஆமாம், 1946இல். வேலை முடிந்து டிராக்டரை நிறுத்தி இறங்கியபோது, அணைத்த இன்ஜின் ஒரு உதறு உதறி வண்டி முன்னால் பாய்ந்து, புகைக்குழாய் கொட்டகையில் இடித்து உடைந்தது. முதலாளிக்குப் பயந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு மெம்ஃபிஸுக்குப் போய்விட்டார். அங்கே அம்மாவின் உறவினரான புக்கா வைட் என்ற ப்ளூஸ்காரர் வீட்டில் மாதக்கணக்கில் தங்கினார்.

பலர் விட்டுவிடும் மறுபாதி இது: அவர் திரும்பி வந்தார். முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, வேலை செய்தே அந்தக் கடனை அடைத்தார். அதன்பின் 1948இல்தான் முறையாக மறுபடி மெம்ஃபிஸுக்குக் கிளம்பினார். ஆற்றுக்கு அக்கரையில் வெஸ்ட் மெம்ஃபிஸ் வானொலியில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற மவுத் ஆர்கன் கலைஞர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய் ஒரு பாட்டு பாட இடம் கேட்டார். அங்கே தொடங்கி மேலே சொன்ன டானிக் விளம்பரம் வரை வந்தது.

லூசில்ங்கிறது அவர் மனைவியா, காதலியா?

இரண்டும் இல்லை. அவர் பார்த்தே இராத பெண். 1949 குளிர்காலம், ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற ஊர். நடனக் கூடத்தில் கிங் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுவில் ஒரு பீப்பாயில் பாதிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் கைகலப்பில் அதன்மேல் விழ, எண்ணெய் தரையெல்லாம் ஓடித் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், கிங்கும் ஓடினார். வெளியே வந்தபிறகுதான் கிட்டார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போய் எடுத்து வந்தார். கட்டடம் சரிந்தது, இருவர் இறந்துபோனார்கள்.

சண்டை அந்தக் கூடத்தில் வேலை பார்த்த லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள, கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார்.

கடைசி வரைக்கும் அதே லூசில்தானா?

இல்லை. பல கிட்டார்கள் மாறின, பெயர் மாறவில்லை. பெரும்பாலும் கிப்சன் நிறுவனத்தின் பாதி உள்ளீடற்ற ரகங்கள்: முதலில் இ.எஸ்.-335, பிறகு இ.எஸ்.-355. இந்த ரகத்தின் மேல்பலகையில் வளைந்த இரண்டு துளைகள் இருக்கும். ஒலி கூடும்போது ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) ஊளையிடாமலிருக்க அந்தத் துளைகளில் துணியை அடைத்து வைப்பார். 1980இல் கிப்சன் அவர் பெயரிலேயே வெளியிட்ட லூசில் மாடலில் அந்தத் துளைகளே கிடையாது. ஆம்ப் விஷயத்திலும் டியூப் ஆம்ப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில்லை. 1980களிலிருந்து அவர் பின்னால் நின்ற லேப் சீரிஸ் எல்-5, டிரான்சிஸ்டர் ஆம்ப்தான்.

எல்லா ப்ளூஸும் ஒரே மாதிரிதானே கேக்குது?

சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான். 12 பார். பார் என்றால் நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று. ஏ ஸ்கேலில் என்றால் நான்கு பார் ஏ கார்டு, இரண்டு பார் டி, மறுபடி இரண்டு பார் ஏ, பிறகு ஒரு பார் இ, ஒரு பார் டி, கடைசி இரண்டு பார் ஏ. வரிகளும் அப்படியே: முதல் வரி, அதே வரி இன்னொரு முறை, பிறகு அதை முடித்துவைக்கும் மூன்றாவது வரி.

இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்று வரிக்கும் ஆளுக்கு நான்கு பார் கிடைக்கிறது. பாடும் வரி ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இரண்டு பார் காலி. அந்தக் காலி இடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு ப்ளூஸ்காரருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இருக்கிறது. கிங்கைக் கேட்கும்போது அந்த இரண்டு பாரை மட்டும் கவனித்தால் போதும், 'ஒரே மாதிரி' என்ற எண்ணம் மாறும்.

அவருக்குக் கார்டே வாசிக்கத் தெரியாதாமே? அப்புறம் எப்படிப் பெரிய ஆளு?

கார்டு வாசிப்பதில் தான் மட்டம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர். ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் தன்னால் முடியாது என்றும் சொல்வார். யு2 என்ற ராக் குழுவோடு, 1988இல் வெளிவந்த 'வென் லவ் கம்ஸ் டு டவுன்' பாட்டுக்குச் சேர்ந்தபோதுகூட, தனக்குக் கார்டு சரிப்படாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தாளத்துக்கும் கார்டுக்கும் அவர் குழுவில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் குறைதான் அவருடைய பாணியை உண்டாக்கியது. பாடும்போது கை சும்மா இருக்கும். வரி முடிந்ததும் வாய் சும்மா இருக்கும், கிட்டார் பேசும். முந்தைய பதிலில் சொன்ன அந்த இரண்டு பார் காலி இடம் முழுக்கக் கிட்டாருக்கு. பாடி நிறுத்திய சுருதியிலிருந்தே கிட்டார் தொடங்கும், அதே மூச்சு நீளத்துக்கு வாசித்துவிட்டு நிற்கும். தான் பாடுவதை நிறுத்தியதும் லூசில் பாடத் தொடங்குகிறாள் என்பது அவர் வாக்கு. மேடைப் பேச்சுக்காகச் சொன்னது இல்லை அது. ஒலிப்பதிவுகளில் அப்படியேதான் நடக்கிறது.

அதனால்தான் அவருடைய தனி வாசிப்புகளைத் துண்டாக வெட்டி எடுத்துக் கேட்பது எனக்குச் சம்மதம் இல்லை. கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் கேட்டால் அதில் பாதிப் பொருள் போய்விடும்.

அந்த நடுக்கம் எப்படி வருது? விரலை ஆட்டினா போதுமா?

விரலை ஆட்டினால் போதாது, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். அவர் படக்காட்சிகளில் இடது கையைப் பாருங்கள். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருக்காது. ஆள்காட்டி விரல் மட்டும் தந்தியில் ஊன்றியிருக்கும். அந்த ஒரு புள்ளியை அச்சாக வைத்து முழங்கையிலிருந்து கை முழுவதும் வேகமாகத் திரும்பித் திரும்பி வரும். மற்ற விரல்கள் விரிந்து படபடக்கும். கிட்டார்காரர்கள் இதைப் பட்டாம்பூச்சி வைப்ரேட்டோ என்பார்கள்.

இது எதற்காக வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. டிராக்டர் கதையில் வந்த புக்கா வைட், இரும்பு கிட்டாரில் உலோகக் குழாயைச் சறுக்கி வாசிப்பவர். அந்த ஓலம் கிங்குக்கு மிகவும் பிடித்தது, ஆனால் சறுக்கி வாசிப்பது அவருக்கு வரவே இல்லை. அந்த ஓசையை வெறும் விரலில் கொண்டுவர முயன்று முயன்றுதான் இந்த நடுக்கம் உருவானது.

'பி.பி. பாக்ஸ்'னு கிட்டார் மாஸ்டர் சொல்றாரே, அது என்ன?

கிங் திரும்பத் திரும்பத் தங்கும் ஒரு சின்ன இடத்துக்குக் கிட்டார்காரர்கள் வைத்த பெயர். ஏ ஸ்கேலில் என்றால், இரண்டாம் தந்தி பத்தாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த கட்டத்தில்) ஆள்காட்டி விரல். அதுதான் ஏ, அதுதான் வீடு. அதே தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட், மூன்றாம் தந்தி பதினொன்று, முதல் தந்தி பத்தும் பன்னிரண்டும். ஐந்தே இடம். கை நகர வேண்டியதே இல்லை.

இதில் உயிர்நாடி இரண்டாம் தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட். அதை அரை ஸ்வரம் வளைத்தால் மைனர் மூன்றாவது வரும். முழு ஸ்வரம் வளைத்தால் மேஜர் மூன்றாவது. கிங் பல நேரம் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்துவார். பியானோவில் அந்தக் கட்டையே கிடையாது. பாடும் தொண்டைக்கு மட்டும் எட்டும் இடம் அது. அவர் கிட்டார் ஏன் பாடுவதுபோல் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு வளைவைத்தான்.

பாட்டெல்லாம் அவரே எழுதினதா?

சில அவருடையவை. மிகப் புகழ்பெற்றவை பல, வேறொருவர் பாடியவை. முதல் வெற்றியான 'த்ரீ ஓ'க்ளாக் ப்ளூஸ்' லோவெல் ஃபுல்சன் பாடியது. கிங் அதை 1951இல் மெம்ஃபிஸின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் பதிவு செய்தார். 1952 தொடக்கத்தில் பில்போர்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் வந்தது. 'த த்ரில் இஸ் கான்' 1951இல் ராய் ஹாக்கின்ஸ் பாடியது.

இதற்கு மாறான அநியாயமும் நடந்தது. ஆரம்பத்தில் அவர் பதிவுகளை வெளியிட்டவர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் பிஹாரி சகோதரர்கள். அவர்கள் வெளியிட்ட தட்டுகளில் இசைக்காரரின் பெயரோடு 'டாப்', 'ஜோசியா', 'லிங்' என்று கூடுதல் பெயர்கள் பாடலாசிரியர்களாக இருக்கும். அவை சகோதரர்களின் புனைபெயர்கள். எழுதாத பாட்டுக்கும் உரிமைத்தொகையில் பங்கு அப்படிப் போனது. அந்தக் காலத்துச் சிறு இசைத்தட்டு நிறுவனங்களில் இது பரவலான வழக்கம்.

'த்ரில் இஸ் கான்'ல வயலின் எதுக்கு? ப்ளூஸ்ல அதெல்லாம் உண்டா?

அன்றைக்கு அது புதுசு. 1969இல் பதிவு முடிந்தபிறகு, தயாரிப்பாளர் பில் சிம்சிக்குக்குத் தந்திவாத்தியங்கள் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றி, கிங்கிடம் கேட்டுச் சேர்த்தார். பாட்டு பொதுப் பட்டியலில் 15ஆம் இடம் வரை போனது, கிராமி விருதும் வாங்கிக்கொடுத்தது. வயலின்களை நான் குறையாக நினைக்கவில்லை. இது மைனர் ப்ளூஸ், அதாவது சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்கேலில் அமைந்தது. ஒன்பதாவது, பத்தாவது பாரில் வழக்கமான கார்டுகள் வராமல் பாட்டு வேறு இருட்டுக்குள் போய்த் திரும்புகிறது. அந்த இரண்டு பாரில் வயலின்கள் கீழே நீளமாக நிற்க, மேலே கிட்டார் ஒன்றிரண்டு நோட்டோடு நிறுத்திக்கொள்கிறது.

வருஷத்துக்கு 300 கச்சேரிக்கு மேல பண்ணினாராம். நம்பற மாதிரியா இருக்கு?

1956இல் 342 நிகழ்ச்சிகள். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கான கூடங்கள், கொட்டகைகள், சிறு அரங்குகள் என்று ஒரு சுற்று இருந்தது. ஓர் ஊரில் இரவு வாசித்து, விடிய விடியப் பயணம் செய்து அடுத்த ஊர். இனப்பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலம். வழியில் எல்லா ஓட்டலிலும் தங்க முடியாது, எல்லா இடத்திலும் சாப்பிட முடியாது. குழுவுக்குச் சொந்தமாக 'பிக் ரெட்' என்ற பேருந்து வாங்கியதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தப் பேருந்து 1958இல் டெக்சஸில் லாரியோடு மோதியது. காப்பீடு கைகொடுக்காத சமயம் அது. பெரிய கடன் தலையில் விழுந்து, அடைக்கப் பல ஆண்டு ஆனது. ஓயாத பயணத்துக்குக் கலைத்தாகம் மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கடனையும் சேர்த்து எழுத வேண்டும்.

வெள்ளைக்காரப் பசங்க எப்போ அவரைக் கேட்க ஆரம்பிச்சாங்க?

1960களின் பின்பாதியில். அதற்கு முன் ஒரு கசப்பான காலம் இருந்தது. சோல் இசை வந்ததும் கறுப்பின இளைஞர்களுக்கு ப்ளூஸ் பழைய அடிமை நாட்களை நினைவூட்டும் சங்கதியாகத் தெரிந்தது. ஒரு நிகழ்ச்சியில் அவரை அறிவித்ததுமே இளசுகள் கூச்சல் போட்டார்கள். தன் சொந்த மக்களே ஒதுக்கிய அந்த வலியைப் பற்றிக் கடைசிவரை பேசினார்.

1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்குக்கு வந்திறங்கியபோது, வாசலில் நீண்ட முடி வைத்த வெள்ளை இளைஞர்களைப் பார்த்து இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தார். அரங்கை நடத்திய பில் கிரகாம் ஒரே வரியில் அறிமுகம் செய்ய, ஒரு நோட்டுகூட வாசிக்கும் முன் கூட்டம் எழுந்து நின்றது. அவர் அழுதுவிட்டார். பிரிட்டிஷ் ராக் குழுக்களும் அமெரிக்க இளம் கிட்டார்காரர்களும் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அந்தக் கூட்டத்தைத் தயார் செய்திருந்தார்கள். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றில் முன்கச்சேரி அவருடையது. 1979இல் சோவியத் யூனியன் வரை போய்ப் பாடினார்.

ஜெயில்ல பாடின ரெக்கார்டு ஒண்ணு இருக்காமே?

'லைவ் இன் குக் கவுண்டி ஜெயில்'. 1970 செப்டம்பர் 10 அன்று சிகாகோ சிறைக்கூடத்தில் பதிவானது. தொடக்கத்தைத் தவிர்க்காமல் கேளுங்கள்: அறிமுகம் செய்பவர் ஷெரீஃப் பெயரையும் தலைமை நீதிபதி பெயரையும் சொன்னதும் கைதிகள் போடும் கூச்சல் தட்டிலேயே இருக்கிறது. அதன்பின் கிங் வந்து அவர்களோடு பேசும் தொனியே வேறு.

ஒருமுறை பாடிவிட்டுப் போனவர் இல்லை. 1972இல் நியூயார்க்கின் சிங் சிங் சிறையிலும் பாடினார். கைதிகளின் மறுவாழ்வுக்காக வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியோடு சேர்ந்து ஓர் அமைப்பும் தொடங்கினார்.

எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்தார், இனவெறியைப் பத்தி வாயே திறக்கலைன்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கே?

மேடையில் அரசியல் முழக்கம் செய்தவர் இல்லை என்பது உண்மை. வாயே திறக்கவில்லை என்பது தவறு. லெக்சிங்டன் என்ற ஊரில் சிறுவனாக இருந்தபோது, கொல்லப்பட்ட ஒரு கறுப்பின இளைஞனின் உடலை நீதிமன்றத்துக்கு முன் காட்சிக்கு வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மிசிசிப்பியின் குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அண்ணன் சார்ல்ஸ் எவர்ஸோடு சேர்ந்து, அவர் நினைவாக ஆண்டுதோறும் ஜூனில் மிசிசிப்பிக்குத் திரும்பிப் பாடும் வழக்கத்தைக் கிங் பல பத்தாண்டுகள் விடவில்லை. தன்னைத் துன்புறுத்திய மாநிலத்துக்கே ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்து, கொல்லப்பட்டவனின் பெயரைச் சொல்லிப் பாடியவரை மௌனமாக இருந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆல்பர்ட் கிங், ஃப்ரெடி கிங் எல்லாம் இவர் கூடப்பிறந்தவங்களா?

இல்லை. மூவரும் ப்ளூஸ் கிட்டார் ஜாம்பவான்கள், பெயர் ஒற்றுமைதான். ஆல்பர்ட் கிங்கின் இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். அவரும் தன் ஊர் இண்டியனோலா என்று சொல்லி, தன் கிட்டாருக்கு 'லூசி' என்று பெயர் வைத்து, பி.பி.க்கு ஒரே அப்பா, வேறு அம்மாவுக்குப் பிறந்த சகோதரன் என்ற பேச்சையும் கிளப்பிவிட்டார். பி.பி. அதை மறுத்திருக்கிறார்.

குடும்பம்?

இரண்டு திருமணம். மார்த்தாவோடு நடந்தது 1952இல் முடிந்தது. 1958இல் மணந்த சூ கரோல் ஹாலோடு 1966 வரை. இரண்டும் முறிந்ததற்கு முதல் காரணம் மேலே சொன்ன ஓயாத பயணம். பல பெண்களிடம் பிறந்த 15 பேரைத் தன் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு விஷம் வச்சுட்டாங்கன்னு படிச்சேனே?

மகள்களில் இருவர் அப்படிப் புகார் சொன்னார்கள். லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியின் பிணக்கூறாய்வு அலுவலகம் ஆராய்ந்து, விஷத்துக்கு எந்தத் தடயமும் இல்லை, இயற்கை மரணம் என்று 2015 ஜூலையில் அறிவித்தது. அவருக்கு நீண்டகாலமாக நீரிழிவு இருந்தது, கடைசியில் ஆல்சைமரும். 2014 அக்டோபரில் சிகாகோ நிகழ்ச்சியோடு பயணம் நின்றது.

அடக்கம் இண்டியனோலாவில், 2008இல் திறந்த பி.பி. கிங் அருங்காட்சியக வளாகத்தில். அவர் இளவயதில் வேலை பார்த்த பழைய பருத்தி ஜின்னிங் ஆலையின் செங்கல் கட்டடம் அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி.

முதல்ல எந்த ஆல்பம் கேட்கலாம்?

'லைவ் அட் த ரீகல்'. சந்தேகமே வேண்டாம். 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவானது. அதில் 'ஹவ் ப்ளூ கேன் யு கெட்' பாட்டில், தான் வாங்கிக் கொடுத்ததை எல்லாம் ஏளனம் செய்யும் மனைவியிடம் ஒவ்வொன்றாக அடுக்கி வருவார். குழு நின்றுவிடும், அவர் குரல் மட்டும். ஏழு பிள்ளைகளைக் கொடுத்தேன், அதையும் திருப்பித் தர நினைக்கிறாயே என்ற வரியில் அரங்கத்துப் பெண்கள் போடும் கூச்சலைக் கேளுங்கள். கச்சேரியில் அவர்களும் ஒரு பங்கு.

அடுத்து சிறைக்கூடப் பதிவு. பிறகு ஸ்டூடியோவில் அவர் வளர்ந்ததைக் காண 'த த்ரில் இஸ் கான்' இருக்கும் 'கம்ப்ளீட்லி வெல்'. முதுமைக் குரலுக்கு 2008இல் வந்த 'ஒன் கைண்ட் ஃபேவர்'. ஆங்கிலேய ராக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டனோடு சேர்ந்து 2000இல் செய்த 'ரைடிங் வித் த கிங்' நிறைய விற்றது, கேட்க இனிமையானது, ஆனால் அவரை அறிய முதல் தட்டு அது இல்லை.

கிளாப்டன், ஹெண்ட்ரிக்ஸ் எல்லாம் இவரைவிட வேகமா வாசிக்கிறாங்களே. அப்புறம் ஏன் இவர் ராஜா?

வேகம்தான் அளவுகோல் என்றால் அவர் பின்னால்தான் நிற்பார். அவர் வேறு காரியம் செய்தார். குரலுக்கும் கிட்டாருக்கும் ஒரே பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்தார். நீங்கள் சொன்ன கிளாப்டனிடமே கேட்டால், கிங்கிடம் கற்றவன் என்றுதான் சொல்வார்.

அவர் வாசிச்ச அதே நோட்டை நானும் வாசிக்கிறேன். அப்படி வரலையே?

நோட்டைப் பிடித்துவிட்டீர்கள், வரியைப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ரீகல் பதிவிலிருந்து ஒரு பாட்டை எடுங்கள். அவர் பாடும் வரியை நீங்களும் வாய்விட்டுப் பாடுங்கள், ஆங்கிலம் சரியாக வராவிட்டால் மெட்டை மட்டும். அவர் மூச்சு எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். அடுத்து வரும் கிட்டார் பகுதியையும் வாயாலேயே பாடுங்கள். ஒரே மூச்சில் பாட முடியாத எதையும் அவர் பெரும்பாலும் வாசித்திருக்கமாட்டார்.

அதற்கப்புறம் கிட்டாரை எடுத்து, மேலே சொன்ன ஐந்து இடங்களுக்குள் மட்டும் இருங்கள். 12 பாரில் முதல் இரண்டு பார் பாடுங்கள், அடுத்த இரண்டு பாருக்கு மூன்றே நோட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நோட்டில் கட்டைவிரலை எடுத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்புங்கள். நடுக்கம் சீராக வரும்வரை மெதுவான தாளத்திலேயே பழகுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம்.